மெக்ரே துரையின் டிக்டேஷன்

சம்பங்கிக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுத வரும். யாராவது பேசினால்தான் புரியாது.

முன்பு படித்த பேத்தமங்களா பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரே வாத்தியார், ஒரே இங்கிலீஷ். 1958-இல் அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, குடும்பம் பாலகாட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்கு வந்தது. இங்கே எத்தனை வாயோ அத்தனை இங்கிலீஷ்!

ஹெட்மாஸ்டர் கொர்னேலியஸ் ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பதுபோல் அழுத்திப் பேசினார். ஆங்கிலோ இந்தியரான பியாட்ரிஸ் டீச்சர் பாட்டுப் பாடுவதுபோல் இழுத்தார். இருவரையும் சம்பங்கி ஒரு மாதத்தில் சமாளித்துவிட்டாள்.

மெக்ரே துரையைத்தான் முடியவில்லை. சுரங்க இன்ஜினியரான அவர் ஸ்காட்லாந்துக்காரர். ரகரம் வந்தால் போதும், வாய்க்குள் வைத்து உருட்டு உருட்டென்று உருட்டுவார். பள்ளிக்கூடம் சுரங்கக் கம்பெனியுடையது. அதனால் வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு டிக்டேஷன் கொடுப்பவர் அவர்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் இருபதுக்குப் பத்து மார்க்காவது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியதுதான். அங்கேதான் தம்பி அசோகன் படித்தான்.

"அக்கா, எம் பக்கத்துலயே குந்திக்கோ. எடம் வச்சிருக்கேன்" என்றான் அவன், பெரிய மனது பண்ணி.

சம்பங்கிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுவாதே" என்றாள் பக்கத்து வீட்டு வின்னி. அவளும் ஐந்தாம் வகுப்புதான். "சனிக்கிழமை கிளப் மைதானத்துல ஹவுஸி ஆட்டம் இருக்குது. துரைதான் நம்பர் கூப்புடுவாரு. வா, போலாம்."

மைதானத்தில் எல்லோரும், கூப்பிடும் எண் தங்கள் அட்டையில் இருந்தால் அடித்துவிட, அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். துரை பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, அதிலிருந்த எண்ணை நிதானமாகச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் சொன்னார். பிறகு ஒருவர் அதைக் கரும்பலகையில் எழுதினார்.

சம்பங்கி அட்டை வாங்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டாள். எந்த எண் என்று யோசித்தாள். கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தாள். முதலில் எல்லாமே தப்பு. இருபது எண்களுக்குப் பிறகு பாதி சரி. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை துரை வகுப்புக்கு வந்தார். புத்தகத்தைத் திறந்து மடமடவென்று வாசித்தார். வகுப்பே திருதிருவென்று விழித்தது. வின்னிகூடப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் அசோகன் பக்கத்தில்தான்!

சம்பங்கி படபடப்புடன் எழுந்து நின்றாள்.

"சார்... லைக் ஹவுஸி, ப்ளீஸ். டூ டைம்ஸ்."

பியாட்ரிஸ் டீச்சர் பதறிப்போனார். துரை கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மைதானத்துக் குரலில், ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொன்னார். அத்தனை பென்சில்களும் ஓடத் தொடங்கின.

டீச்சர் அங்கேயே திருத்தினார். சம்பங்கிக்குப் பதினான்கு!

கிளம்பும்போது துரை அவளிடம் குனிந்து, பழைய வேகத்தில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"ஏய், இன்னா சொன்னாரு? எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள் வின்னி.

"அவரு இங்க வந்த புதுசுல, நாம பேசற இங்கிலீஷ் ஆறு மாசம் புரியலியாம்" என்றாள் சம்பங்கி. "யாரையும் கேக்க வெக்கமா இருந்துச்சாம்."