காகிதத்தில் தூங்கியவர்கள்

அவள் கேள்வியை முடிப்பதற்குள் கேப்டன் பதில் சொல்லிவிட்டார்.

"எரிபொருள், இடது டேங்க்..." என்று ஆரம்பித்தாள். "செக்டு" என்றார். வலது டேங்க் என்று சொல்ல அவள் வாயைத் திறக்கும்போதே அடுத்த "செக்டு" வந்து விழுந்தது. அரை மணிக்கு ஒரு தடவை செய்கிற வேலை இது. ஒருத்தர் வாசிக்க வேண்டும், மற்றவர் திரும்பி அந்த எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் 'செக்டு', அதாவது பார்த்தாயிற்று, என்று வாயைத் திறக்க வேண்டும். முப்பது வருஷம் ஓட்டியவர், பழக்கதோஷம் என்று துணை விமானி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தாளில் குறித்துவைத்தாள். ஆனால் அவர் தலை திரும்பவே இல்லை என்பது தொண்டையில் மாட்டிய மீன் முள்ளைப் போல உறுத்திக்கொண்டிருந்தது.

விடிந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. விமானம் தானியங்கியில் கிழக்கே போய்க்கொண்டிருந்ததால் வெயில் நேராகக் கண்ணாடிக்குள் புகுந்து, மூக்கு நுனியிலும் கண் இமையிலும் சூடாக உட்கார்ந்துகொண்டு, இரவு முழுக்க ஆறிப்போன காப்பியின் புளித்த வாசனையையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையையும் கலந்து அந்தச் சின்ன அறை முழுக்க நிரப்பியிருந்தது. குளிர்காற்று ஒரே சுருதியில் இரைந்தது. தாலாட்டுக்கூட நடுவில் மூச்சு வாங்கும், இந்த இரைச்சல் வாங்காது. கேப்டன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நூற்று அறுபத்திரண்டு பேர், இவர்கள் இருவரையும் நம்பி, போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் டியூட்டி போடுகிற அதிகாரிக்கு போன் செய்திருந்தாள். மாதக் கட்டங்களில் ஆட்களை நிரப்புவதே அவர் பிழைப்பு என்பதால் விமானிகள் நடுவில் அவருக்குக் 'கட்டங்காரர்' என்று பெயர்.

"சார், நான் தூங்கவே இல்ல. பக்கத்து ரூம்ல மத்தியானம் பூரா சுவத்துல தொளை போட்டுட்டிருந்தாங்க."

"பத்து மணி நேரம் ரெஸ்ட் குடுத்திருக்கோமேம்மா. பேப்பர்ல இருக்கே."

"பேப்பர்ல இருக்கு சார். எனக்குத்தான் இல்ல."

"முடியலைன்னா எழுதிக் குடுத்துடுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன், மேல இருக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு மட்டும் யோசிச்சுக்குங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்தப் பத்து மணி நேரத்தில் விமான நிலைய வரிசையில் ஒரு மணி, வேனில் ஒரு மணி, அறையைப் பெருக்கி முடிக்கும்வரை ஓட்டல் வாசலில் ஒரு மணி, திரும்பி வர ஒரு மணி. மிச்சத்தைத் தொளை போடுகிறவன் எடுத்துக்கொண்டான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர்கள் ஏட்டில் எழுதிய தூக்கத்தை நம்பி ஆகாயத்தில் ஆளை ஏற்றுகிறார்கள். கேப்டன் போன வருஷம் ஒரே ஒரு தடவை, களைப்பாக இருக்கிறது, ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு ராத்திரிகூட அவரை வீட்டில் படுக்க விடவில்லை. அதனால் நேற்று இருவரும் வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினார்கள். இரவில் இரண்டு ஊர் ஏறி இறங்கியாயிற்று. இது மூன்றாவது, வீடு திரும்புகிற பயணம், மூன்று மணி நேரம்.

"வீட்டுக்குப் போனதும் என்ன சார் செய்வீங்க?" என்று புறப்படும்போது கேட்டாள்.

"தூங்கற மாதிரி நடிப்பேம்மா. என் சம்சாரம் பாவம், நம்பிடுவா" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே இப்போது மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். கன்னத் தசை தொய்ந்திருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"கேப்டன், வெளிய மழையா?"

"செக்டு."

வெளியே பொட்டு மேகம் கிடையாது.

"கேப்டன், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"செக்டு."

"சார், நாம விழுந்துட்டிருக்கோமா?"

உதடு மட்டும் அசைந்தது. நிதானமான குரல். பயணிகளுக்கு அறிவிப்பு செய்கிற அதே நல்ல குரல். "செக்டு."

எவ்வளவு நேரமாகத் தூங்குகிறார்? ஒருத்தர் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கண் மூடலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் சொன்னால் தாளில் ஏறும், தாளில் ஏறினால் கட்டங்காரர் கேள்வி கேட்பார் என்று இந்தக் கம்பெனியில் யாரும் சொல்வதில்லை. திருடனைப் போலத் தூங்க வேண்டியிருக்கிறது. அவளுக்குக் கேப்டன் மேல் கோபம் வரவில்லை. பத்து மணிக்கு எழுந்து, பல் துலக்கி, ஏசி அறையில் உட்கார்ந்து கட்டம் நிரப்புகிற கை மேல்தான் வந்தது. அந்தக் கையை ஒடித்தால் தேவலை என்றிருந்தது.

எட்டி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. "சார்! எழுந்திருங்க!" என்று கத்திக்கொண்டே இன்னும் பலமாக உலுக்கினாள். அவர் சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தாள்.

அவள் கை அவள் மடியிலேயே கிடந்தது.

கத்தினோமா? தொண்டை வறண்டு, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனதுக்குள் கத்தியிருக்கிறோம். மனதுக்குள் உலுக்கியிருக்கிறோம். கையைத் தூக்கு என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். கை, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி, அப்படியே இருந்தது. கண் திறந்திருப்பதாகத்தான் தெரிந்தது. விளக்குகள் தெரிந்தன, எண்கள் தெரிந்தன, மடியில் தாள் தெரிந்தது.

தாள். அரை மணிக்கு ஒரு வரியாக அவள் கையெழுத்து. முதல் இரண்டு வரிகளில் எண்கள் இருந்தன. மூன்றாவது வரியிலிருந்து எண்களே இல்லை. கோடு. வெறும் வளைந்த கோடு. நான்காவது வரி, ஐந்தாவது வரி, ஆறாவது, ஏழாவது.

ஏழு வரி என்றால் மூன்றரை மணி நேரம். பயணமே மூன்று மணி நேரம்தான்.

உள் தொலைபேசி ஒலித்தது. கூப்பிட்டது பணிப்பெண்களுக்குத் தலைவி, எல்லோருக்கும் அக்கா. ஏறும்போதே இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் அடிக்கடி கூப்பிடுவேன், திட்டக்கூடாது என்று சொல்லிப் போனவள். அக்காவின் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. வழக்கமான கேலி அதில் இல்லை.

"ஏம்மா, எல்லாரையும் பெல்ட் போடச் சொல்லி முக்கால் மணி நேரமாச்சு. ஏன் இன்னும் இறங்கல?"

அக்கா, காப்பாத்து. அக்கா, உள்ளே வா. இதைத்தான் சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். காதில் விழுந்தது வேறு. "பத்து நிமிஷம்க்கா" என்றது அவள் குரல். இனிமையாக. தூக்கக் கலக்கமே இல்லாமல்.

"இதையேதாம்மா அஞ்சு தடவையா சொல்றே!"

"பத்து நிமிஷம்க்கா."

"ஜன்னல்ல கடல் தெரியுது. நம்ம ஊரைத் தாண்டி எதுக்கும்மா கடல் மேல போறோம்?"

"பத்து நிமிஷம்."

தொலைபேசி வைக்கப்படும் சத்தம். அப்போதுதான் கவனித்தாள், முகத்தில் வெயில் இல்லை. சூரியன் கண்ணாடியை விட்டு மேலேறி, கூரைக்கு மேல் எங்கோ போயிருந்தது. எதிரே நீலம் மட்டும். கரை இல்லை, படகு இல்லை. ரேடியோ இவ்வளவு நேரமும் அமைதியாக இருந்தது ஏன் என்றும் இப்போது புரிந்தது. தரையிலிருந்து அப்போதே புது அலைவரிசை எண்ணுக்கு மாறச் சொன்னார்கள். அந்த எண்ணைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னாள். குமிழைத் திருகவில்லை. அங்கே யாரோ ஒருத்தர் தொண்டை கிழிய இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். எவ்வளவு எரிபொருள் மிச்சம்? எண் இடது பக்கத் திரையில்தான் இருந்தது. கண் அங்கே போக மறுத்தது.

எழுந்திரு. எழுந்திருடி. பாவி, எழுந்திரு.

விரல் அசையவில்லை.

பின்னால் மணி அடிக்க ஆரம்பித்தது. கதவு மணி. சாதாரண மணி இல்லை, விடாமல் அலறுகிற மணி. உள்ளே இருவரும் மயங்கிக் கிடந்தால் வெளியிலிருந்து அழுத்த ஒரு ரகசிய எண் உண்டு. அக்கா அழுத்திவிட்டாள். அரை நிமிஷம் இந்த மணி அடிக்கும். உள்ளிருந்து யாரும் தடுக்காவிட்டால் கதவு தானே திறந்துகொள்ளும். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா கிடந்தால் போதும். வாழ்க்கையில் முதல்முறையாக, சும்மா கிடப்பதே எல்லோரையும் காப்பாற்றும். அவளுக்கு அழுகை வந்தது. அடி, நல்லா அடி.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

மடியில் கிடந்த கை எழுந்தது.

வேண்டாம்.

அவள் எழுப்பவில்லை. அதுவாக எழுந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பயிற்சி அறையில் உட்காரவைத்து, இந்த மணி கேட்டால் கடத்தல்காரனாகவும் இருக்கலாம், வெளியே யார் என்று யோசிக்காதே, முதலில் பூட்டு, அப்புறம் கேள் என்று கம்பெனி பழக்கிய கை. தூங்க மட்டும் விடாத கம்பெனி இதை நன்றாகவே பழக்கியிருந்தது. இருட்டிலும் வழி தெரிந்த கை அது. நடுப் பலகையில் பின்பக்கச் சுவிட்சைத் தேடாமலே தொட்டது.

இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

வேண்டாம். வேண்டாம். அக்கா...

விரல் சுவிட்சைப் பூட்டும் பக்கம் தள்ளியது. டக். மணி நின்றது. அந்த ரகசிய எண் இனி எடுபடாது.

"செக்டு" என்றார் பக்கத்தில் கேப்டன்.

கதவுக்கு அப்பால் அக்கா இரண்டு கையாலும் இடித்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லி அலறினாள். பின்னாலிருந்து இன்னும் பல கைகள் சேர்ந்துகொண்டன. கீழே கடல், எதிரே கடல். அவள் விரல் சுவிட்சை விடவில்லை. அழுத்தியே பிடித்திருந்தது.