கோழியில் இரா பலகையில்

மார்ச் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, அந்த வீட்டில் வளர்ந்த ஒரே கோழி தன் மார்பிறகைத் தானே பிடுங்கித் தரையில் போட்டது. பிடுங்கிய இடத்தில் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. அலகில் ஒட்டிய இறகை உதறிவிட்டு, அவசரமே இல்லாமல், அடுத்த இறகைத் தேடியது. இதை முதலில் கண்டவள் அண்ணி. அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயர் புழங்கவில்லை. கண்டவுடன் அவளுக்கு வந்தது இரக்கமன்று, கோபம்.

கோழி நின்றிருந்தது அவளுடைய எழுத்துப்பலகையின்மேல். சாய்வு நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே அதை வைத்துத்தான் முப்பது ஆண்டுகளாக அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்தி வந்தாள். கண் அறுவைக்காக ஒரு மாதம் அவள் படுத்துக் கிடந்தபோது, கணவனின் தங்கை ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்துப்போய், பின்தாழ்வாரத்து மூலையில் கோழி அடைவதற்கென்று பொருத்திவிட்டாள். கணவனோ கப்பலில் வேலைக்குப் போயிருந்தான்; முறையிட ஆளில்லை.

நாத்தனார் அந்தக் கோழியைச் சீமாட்டி என்று அழைப்பாள். அவ தின்னாளா, அவ தூங்கினாளா என்று விசாரிப்பாள். கோழி அஃறிணை, அது என்று சொல் என அண்ணி நாளுக்கு நான்கு முறை திருத்துவாள். "சரிங்க அண்ணி, அவகிட்டயும் சொல்லி வைக்கிறேன்," என்று நாத்தனார் சிரிப்பாள்.

அன்றே இருவரும் கோழியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். வாசற்பலகையில் 'மருத்துவமணை' என்று எழுதியிருந்தது. அண்ணி, கோழியைக் காட்டுமுன் அந்த மூன்றுசுழி ணகரத்தைக் காட்டினாள். மருத்துவர் இறகை விலக்கிப் பார்த்தார். செள்ளு பிடித்திருக்கிறது, கடுகிலும் சிறிய, இரத்தம் குடிக்கும் பூச்சி என்றார். எங்கே அடைகிறது என்று கேட்டார். பலகையில் என்றாள் நாத்தனார். அவர் விளக்கத் தொடங்கியதும் அண்ணி கையை உயர்த்தினாள்.

"வாயால சொன்னா மறந்துபோகும், டாக்டர். எழுதிக் குடுங்க. பிழையில்லாம."

அவர் முகம் கறுத்தது. ஒரு துண்டுச்சீட்டில் நெடுநேரம் யோசித்து எழுதி, பொடி டப்பாவோடு நீட்டினார். "இந்தாங்கம்மா. உங்களுக்காகச் செந்தமிழ்லயே எழுதியிருக்கேன்."

மூன்றே வரிகள். ஒரு நிறுத்தற்குறிகூட இல்லை.

மருந்தைப் பகலில் இடுக
செள்ளுகள் பகலில் கோழியில் இரா பலகையில்
செள்ளுள்ள இடத்தில் தூவுக

அண்ணி வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டாம் வரியில் 'கோழியில்' என்பதன்பின் ஓர் அரைப்புள்ளி போட்டாள். இரவைக் குறிக்கும் 'இரா'வுக்குப்பின் வல்லொற்று மிகவேண்டும். அதையும் விட்டிருக்கிறான் மனிதன் என்று பல்லைக் கடித்து, ஒரு 'ப்' செருகினாள். இப்போது பொருள் தெளிந்தது. செள்ளுகள் பகலில் கோழியில், இராப் பலகையில். பகலில் கோழிக்கு மருந்து தூவ வேண்டும். பகலில் பலகை சுத்தம்.

சுத்தமென்றால் அது அவளுடையது. மறுநாள் காலையே பலகையைக் கழற்றி, மேற்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, தன் நாற்காலியில் வைத்துக்கொண்டாள். மாலையில் மீண்டும் கோழிக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நாத்தனார் தயங்கினாள். பலகையைக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடலாமே என்றாள். மெய்ப்புத் திருத்துகிறவள் நானா, நீயா என்று கேட்டாள் அண்ணி.

மூன்று நாளுக்கு ஒருமுறை நாத்தனார் கோழியை மடியில் கிடத்திச் சிறகுக்கடியிலும் வயிற்றடியிலும் பொடியைத் தேய்த்தாள். இறகுக்குள் ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை. ஆனாலும் கோழியின் கொண்டை, நாள்தோறும் ஒரு பங்கு சிவப்பை இழந்து, முதலில் இளஞ்சிவப்பாகவும் பிறகு ஊறிய தோலின் நிறமாகவும் வெளிறியது.

கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதென்று திரைகளை இழுத்துவிட்ட அந்த அறையில், மேசைவிளக்கின் சிறு வட்டத்துக்குள் தாளை நகர்த்தி, பலகையின் நிழல் தொடைகள்மேல் கனமாக விழுந்திருக்க, பழைய இறகின் மக்கிய வாடை மரத்திலிருந்து மெல்ல எழ, பள்ளி இலக்கண நூல் ஒன்றின் மெய்ப்பை அண்ணி வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்தாள். நான்காம் நாள், 'தலைவர்' என்ற சொல்லின் வகரத்தின்மேல் ஒரு புள்ளி இருந்தது. தலைவ்ர். நீக்கற்குறி போட்டாள். அடுத்த பக்கத்தில் வாக்கியத்தின் நடுவே ஒரு முற்றுப்புள்ளி. அதையும் நீக்கினாள். திரும்பிப் பார்த்தபோது வகரத்தின்மேல் புள்ளி இல்லை, அடுத்த சொல்லின் ககரத்தின்மேல் இருந்தது.

அச்சுக்கோப்பவனைத் தொலைபேசியில் அழைத்து அரைமணி நேரம் வறுத்தெடுத்தாள்.

"அம்மா, நான் அடிச்சதுல அங்க புள்ளியே இல்ல," என்றான் அவன். "கண்ணாடிய மாத்துங்க."

அன்றிரவு முழுவதும் கோபத்தில் உடல் அரித்தது. வேர்க்குரு என்று சொல்லிக்கொண்டாள். மணிக்கட்டில், முழங்கை மடிப்பில், தொடையில் சிவந்த தடிப்புகள் வரிசை கட்டி நின்றன. நாத்தனார் பார்த்துவிடாதிருக்க முழுக்கை ரவிக்கை அணிந்தாள். பதினைந்தாம் நாள், வேலை செய்யும்போது ஓர் ஓசை கேட்டது. தாளின்மேல் மணல் உதிர்வதைப்போல், மிக மெல்லியது. பேனாவை நிறுத்தினாள். ஓசையும் நின்றது. எழுதினாள். தொடர்ந்தது.

மார்ச் இருபத்தெட்டு, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு நாத்தனார் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் கூடை இருந்தது. கூடையின்மேல் துணி போர்த்தியிருந்தது. அவள் அழவில்லை.

"அது செத்துப்போச்சு, அண்ணி."

அது. பத்தொன்பது நாள்களில் முதன்முறையாகத் திருத்த வேண்டியிராத வாக்கியம். அண்ணிக்கு அது கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. நாத்தனார் பலகையைக் கொண்டுவந்து நாற்காலியின்மேல் வைத்துவிட்டு, இனி முழுக்க நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனாள்.

அண்ணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கோழிமேல், நாத்தனார்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மருத்துவர்மேல். தவறான மருந்து கொடுத்துக் கொன்றுவிட்டான். மேலிடத்துக்கு எழுதிவிட வேண்டும். பலகையை மடிக்குமேல் இழுத்துக்கொண்டாள். சான்றுக்காகத் துண்டுச்சீட்டை விரித்தாள். விளக்கை ஏற்றினாள். திரைகள் மூடியே இருந்தன.

இரண்டாம் வரி. 'கோழியில்' என்பதன்பின் அவள் போட்ட அரைப்புள்ளி இருந்தது. 'இரா' என்பதன்பின், அவள் செருகிய ஒற்றுக்கு முன்பாக, ஒரு முற்றுப்புள்ளி இருந்தது.

அவள் போட்டதன்று.

செள்ளுகள் பகலில் கோழியில் இரா.

வாய்விட்டுப் படித்தாள். இரா. இருக்கமாட்டா. இரவன்று. வினைமுற்று. ஒற்று மிகாது. அவர் எழுதியதில் பிழையே இல்லை. கடைசிச் சொல் அடுத்த வரிக்குரியது, மருந்து தூவவேண்டிய இடம்.

பலகையில்.

புள்ளி நகர்ந்தது. வரியின் ஓரம்வரை நடந்தது. தாளைவிட்டு இறங்கியது. பலகையின் விளிம்பில் மறைந்தது.

மணல் உதிரும் ஓசை. காகிதத்தின்மேல் அன்று. கீழே. மடிக்கு நேர்மேலே.

நேற்றுவரை அவற்றுக்கு ஒரு கோழி இருந்தது.

பலகையின் அடியில் கையை விட்டாள். விரல்களுக்கு மரம் தட்டுப்படவில்லை. ஏதோ தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக. மாவைப்போல் மென்மையாக. அது விரல்களுக்கு வழிவிட்டது. பின்பு மூடிக்கொண்டது.

அவள் கூப்பிட்டது அண்ணிகள் நாத்தனாரைக் கூப்பிடும் முறையில் இல்லை. குழந்தை கூப்பிடுவதுபோல் இருந்தது.

மறுநாள், மார்ச் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, முடிவானவை இவை. பலகையையும் சாய்வு நாற்காலியையும் கொல்லையில் நாத்தனார் எரித்துவிட்டாள். எரியும்போது இடுக்குகளிலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்து புகைந்ததை இருவரும் நின்று பார்த்தார்கள். அண்ணியின் துணிகள் கொதிநீரில் போடப்பட்டன. மெய்ப்புத் தாள்கள் உறையிலிட்டு ஒட்டப்பட்டு அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. மருத்துவர்மீது புகார் இல்லை. அந்த வீட்டில் இனிக் கோழி வளர்ப்பதில்லை. தவறு தன்னுடையது என்று அண்ணி தன் கைப்பட எழுதித் தரவேண்டும் என்றாள் நாத்தனார், அண்ணி மறுக்கவில்லை.

சமையலறை மேடையில், நண்பகல் வெயிலில், புதிய வெள்ளைத்தாளில் அவள் எழுதினாள். சீமாட்டி என் பிழையால் இறந்தாள். அவள் என்றே எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்து, பேனாவை மூடி, ஒருமுறை சரிபார்த்தாள்.

வரியின் முடிவில் இரண்டு புள்ளிகள் இருந்தன.