வெள்ளிக்கிழமை மீன்கள்

சனிக்கிழமை காலை என்றாலே அனுப்ரியாவுக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடம் கிடையாது, பரீட்சை கிடையாது. இருந்தாலும் பயம்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, மீன் தொட்டியை எட்டிப் பார்க்கும்வரை அவளுக்கு நிம்மதியே இல்லை.

அன்றும் பார்த்தாள். மரக்கட்டையின் ஓரத்தில் ஒரு குட்டி நியான் மீன் மல்லாந்து கிடந்தது. நேற்றுவரை நீலமும் சிவப்புமாக மின்னிய மீன், இப்போது வெளுத்துப் போயிருந்தது.

"மறுபடியுமா!" என்றாள் அனுப்ரியா.

போன சனிக்கிழமையும் இதே கதை. அதற்கு முந்தின சனிக்கிழமையும் இதே கதை. செத்த மீன்களை வாசலுக்கு வெளியே இருந்த கறிவேப்பிலைச் செடியின் அடியில்தான் புதைத்தார்கள். அந்தச் செடி மட்டும் யாருடைய சோகத்தையும் கண்டுகொள்ளாமல் தளதளவென்று வளர்ந்துகொண்டிருந்தது.

புக்கிட் மேராவில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தத் தொட்டியின் முன்னால்தான் நிற்பார்கள். கறுப்பு மணல், நடுவில் வளைந்த மரக்கட்டை, கட்டையின் மேல் மெத்தை மாதிரிப் பாசி, பின்னால் புல்லைப் போல நீள நீளமாய்ச் செடிகள். அந்தச் செடிகளுக்குள் மீன்கள் ஒளிந்து பிடித்து விளையாடும். தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அனுப்ரியா எல்லா வேலையையும் தானே செய்தாள். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றுவாள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட மாட்டாள். வாளியில் பிடித்து, குளோரினை நீக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதற்குப் பிறகுதான் ஊற்றுவாள். பழுத்த இலைகளைக் கத்தரித்துவிடுவாள்.

கொஞ்ச நாளுக்கு முன்னால் இலைகளின் மேல் பச்சையாக வழுவழுவென்று ஏதோ படிந்தது. வெளிச்சம் அதிகமானால் அப்படித்தான் படியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். உடனே விளக்கின் டைமரைக் குறைத்து, மாலை ஏழு மணிக்கே அணையும்படி வைத்தாள். இருட்டில் செடிகளும் மீன்களைப் போலவே காற்றை இழுத்துக்கொள்ளுமாம். அதனால், முன்பெல்லாம் எல்லாரும் படுக்கப் போகும்போது ஓடிய காற்றுப் பம்பையும் ஏழு மணிக்கே ஓடவிட்டாள். இலைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. மீன்கள்தான் சாக ஆரம்பித்தன. என்ன கொடுமை பாருங்கள்!

"எனக்குத் தெரியும், யார் வேலைன்னு," என்றாள் அனுப்ரியா. அவள் பார்வை தங்கை ரக்ஷனாவின் மேல் போனது.

பாலர் பள்ளிக்குப் போகும் ரக்ஷனா போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். "நான் ஒண்ணும் பண்ணலை."

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் முடிஞ்சு எனக்குப் பூப்பந்து சிசிஏ பயிற்சி. நான் லேட்டா வருவேன். அன்னிக்கு மட்டும்தான் நீ மீனுக்குச் சாப்பாடு போடறே. மறுநாள் மீன் சாகுது. நிறையக் கொட்டினா தண்ணி கெட்டுப்போகும்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"நான் கொஞ்சமாத்தான் போட்டேன்!"

"பொய்!"

"பொய் இல்லை! கொஞ்சமாத்தான்!" ரக்ஷனா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மீன் வலையைத் தேடப் போனார். அப்பாவைப் பார்த்தாள். அவர் பெருமூச்சுதான் விட்டார். போர்வை தரையில் இழுபட, அவள் அறைக்குள் போய்விட்டாள்.

அப்பா ரமணன் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறார். பெரிய பெரிய கப்பல்களைப் பார்த்துப் பயப்படாத மனிதர், செத்த குட்டி மீனைக் கையில் எடுக்க மட்டும் தயங்குவார்.

"அனு, இனிமே என்னால பார்க்க முடியாதும்மா," என்றார். "வாரா வாரம் ஒரு உயிர் போகுது. ரக்ஷனா சின்னப் பிள்ளை. அவளை எந்நேரமும் காவல் காக்க முடியுமா? என்கூட வேலை செய்யற பாலகிருஷ்ணன் வீட்டுலயும் மீன் வளர்க்கறார். பேசாம அவர்கிட்ட குடுத்துடலாம்."

"அப்பா, ப்ளீஸ்பா! ரக்ஷனா இனிமே சாப்பாடு போட வேண்டாம். நானே போடறேன். ஒரே ஒரு வாரம்!"

அப்பா யோசித்தார். "சரி. அடுத்த சனிக்கிழமை ஒரு மீன் செத்தாலும், ஞாயித்துக்கிழமை அவர் வந்து எடுத்துட்டுப் போவார். அப்புறம் அழக் கூடாது."

அம்மா வசந்தகுமாரிக்கு வேறொரு சந்தேகம். "வர்றவங்க எல்லாரும் ஆகா, ஓகோன்னா கண்ணு படாதா? எதிர்வீட்டு ஆன்ட்டி போன மாசம் எவ்வளவு நேரம் நின்னு பார்த்தாங்க தெரியுமா?"

"மீனுக்கெல்லாம் கண்ணு படுமா?" என்று சிரித்தார் அப்பா.

"படும். தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் நல்ல சாம்பிராணியா வாங்கிட்டு வர்றேன். நீங்க சும்மா இருங்க."

அந்த வாரம் முழுக்க அனுப்ரியா மீன் உணவு டப்பாவை உயரமான அலமாரியில் வைத்துப் பாதுகாத்தாள். தரையில் விரித்திருந்த பாயைக் காட்டி, "இதைத் தாண்டி வரக் கூடாது," என்று தங்கைக்குச் சட்டமும் போட்டுவிட்டாள். ரக்ஷனா பாயின் ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தூரத்திலிருந்தே மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அனுப்ரியாவுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்லவேளையாகப் பூப்பந்துப் பயிற்றுநருக்குக் காய்ச்சல். அனுப்ரியா சீக்கிரமே வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே உணவு போட்டாள். மீன்கள் துள்ளித் துள்ளித் தின்றன. இந்தத் தடவை ஒன்றும் ஆகாது என்று அவள் நம்பினாள்.

அம்மா வேலை செய்யும் மருந்தகத்தில் வாரம் முழுக்க ஓட்டம்தான். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் அவர் மெதுவாக நடப்பார். குளித்து, பூ வைத்து, சாமி விளக்கை ஏற்றி, சாம்பிராணி போடுவார். அன்று தேக்காவில் வாங்கிய புதுச் சாம்பிராணி. கிண்ணம் மாதிரிப் பெரிதாக இருந்தது. பற்ற வைத்ததும் குபுகுபுவென்று புகை கிளம்பியது. அம்மா அதைத் தட்டோடு எடுத்து எல்லா அறைக்கும் காட்டினார். கடைசியாக மீன் தொட்டிக்கு வந்து மூன்று சுற்றுச் சுற்றினார்.

"எந்தக் கண்ணும் அண்டக் கூடாது," என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தட்டைத் தொட்டி இருந்த மேசையின் கீழ்த்தட்டில் வைத்தார். பிறகு சாமி படத்தின் முன்னால் போய்க் கண்களை மூடிக்கொண்டார்.

மணி ஏழு. தொட்டியின் விளக்கு அணைந்தது. பம்ப் 'ம்ம்ம்' என்று ஓடத் தொடங்கியது. அனுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம்தான். ஒரு மீன் மேலே வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அனுப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரக்ஷனா டப்பாவைத் தொடவே இல்லையே! உணவு போட்டது நான்தானே! அளந்துதானே போட்டேன்!

"அக்கா," என்று பாயின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "தண்ணி புகை விடுது."

"சும்மா இரு ரக்ஷனா. நானே பயந்துபோய் இருக்கேன்."

"நெஜமா அக்கா! இங்க வந்து பாரு. பபிள் உடையுது இல்ல, அதுக்குள்ளேர்ந்து புகை வருது!"

அனுப்ரியா எழுந்து போய்த் தங்கைக்குப் பக்கத்தில் குந்தினாள். கைப்பேசி விளக்கைத் தொட்டியின் மேல் அடித்தாள். அடேயப்பா! குமிழி ஒவ்வொன்றும் மேலே வந்து 'பட்'டென்று உடைந்தபோது, அதற்குள்ளிருந்து நூல் போல வெள்ளைப் புகை எழுந்தது.

அவள் விரல் காற்றுக் குழாயைத் தொடர்ந்து கீழே இறங்கியது. தொட்டியின் விளிம்பு, மேசைக் கால், கீழ்த்தட்டு. அங்கே பம்ப். பம்புக்குப் பக்கத்தில் அம்மாவின் சாம்பிராணித் தட்டு.

பம்ப் புகையை உறிஞ்சி உறிஞ்சி மீன்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

அனுப்ரியா பம்பின் சுவிட்சை அணைத்தாள். "ரக்ஷனா, ஜன்னலைத் திற!" என்று ரகசியமாகச் சொன்னாள். பாயைத் தாண்டக் கூடாது என்ற சட்டத்தை இருவருமே மறந்துபோனார்கள். மறுநாளைக்காக மருந்து விட்டுத் தயாராக வைத்திருந்த வாளித் தண்ணீர் இருந்தது. தொட்டியிலிருந்து பழைய தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு எடுத்தாள். ரக்ஷனா புதுத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். இரண்டு பேரின் சட்டையும் நனைந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு மீன் கீழே இறங்கியது. அப்புறம் இன்னொன்று. அனுப்ரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாமி படத்தின் முன்னால் அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "முருகா, அந்த வாயில்லாத ஜீவனுங்களைக் காப்பாத்துப்பா. என் பொண்ணு அழறதை என்னால பார்க்க முடியலை."

அனுப்ரியா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிடலாமா? சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் இதேதானே நடக்கும்? அப்புறம் ரக்ஷனாவின் மேல் விழுந்த பழி என்னாவது?

அவள் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தாள். காற்றுக் குழாயின் நுனியைத் தொட்டியிலிருந்து எடுத்து, அந்தத் தம்ளருக்குள் விட்டாள்.

"அம்மா, சாமி கும்பிட்டாச்சா? இங்க வந்து ஒண்ணு பாருங்களேன்."

அம்மா வந்ததும் பம்பை ஓடவிட்டாள். தம்ளரில் குமிழிகள் வந்தன. உடைந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் புகை எழுந்தது. அம்மா முதலில் சிரித்தார். பிறகு கீழ்த்தட்டில் இருந்த சாம்பிராணியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஐயோ," என்றார். "அப்போ நான்தானா? நல்லது பண்றேன்னு நெனச்சு நானே..." கண் கலங்கிவிட்டது.

அனுப்ரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லைம்மா. நீங்க எப்பவும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடறீங்க. அப்பெல்லாம் மீனுக்கு ஒண்ணும் ஆகலையே? பம்பை ஏழு மணிக்கு மாத்தி வச்சது நான்தான். உங்க நேரமும் அதுதான்னு நான் யோசிக்கவே இல்லை."

"இனிமே நான் சாம்பிராணியே போடலைடா."

"வேண்டாம்மா! அந்த வாசனை வந்தாத்தான் எனக்கு வெள்ளிக்கிழமை மாதிரியே இருக்கும். பம்பை நிறுத்திட்டுப் போடுங்க. ஜன்னலைத் திறந்து, புகையெல்லாம் போனதும் மறுபடி ஓடவிட்டுக்கலாம். அவ்வளவுதான்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பம்பை நானே நிறுத்தறேன். மறக்க மாட்டேன்," என்றார்.

அதுவரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ரக்ஷனா கேட்டாள், "அப்போ நான் இல்லையா?"

அம்மா சட்டென்று அவளருகே குனிந்தார்.

"நீ இல்லைடா செல்லம்," என்றார் அம்மா, அவளை அணைத்துக்கொண்டு. அனுப்ரியா வாயைத் திறந்தாள். ஸாரி என்ற சொல் சின்னதுதான். ஆனால் அது வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கதவு திறந்தது. களைத்துப்போய் வந்த அப்பா, நனைந்த தரையையும் நனைந்த பிள்ளைகளையும் பார்த்துத் திகைத்தார். நடந்ததை எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"சாம்பிராணி போட்டா எனக்கே தும்மல் வருது. பாவம், அதுங்களுக்குத் தும்மக்கூட மூக்கு இல்லையே!" என்றார். அம்மா அவர் தோளில் ஒரு அடி வைத்தார். அப்பா குனிந்து தொட்டியை நெடுநேரம் பார்த்தார். "காலையில பார்ப்போம். எல்லாம் நல்லா இருந்தா பாலகிருஷ்ணன்கிட்ட வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன்."

சனிக்கிழமை காலை. அனுப்ரியா கூடத்துக்கு வந்தபோது அம்மா, அப்பா, ரக்ஷனா மூவரும் ஏற்கெனவே தொட்டியின் முன்னால் நின்றிருந்தார்கள். அவள் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

நீளச் செடிகளுக்குள் மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கட்டைக்குப் பின்னாலும் பார்த்தாள், பாசிக்கு அடியிலும் பார்த்தாள். எல்லா மீன்களும் உயிரோடு இருந்தன.

அப்பா கைப்பேசியை எடுத்தார். "ஹலோ பாலா, நாளைக்கு நீங்க வர வேண்டாம் லா. வேணும்னா சும்மா சாப்பிட வாங்க."

அனுப்ரியா நாற்காலியின் மேல் ஏறி, உயரமான அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்தாள். கீழே இறங்கி, அதைத் தங்கையிடம் நீட்டினாள்.

"ஸாரி, ரக்ஷனா. நீ சொன்னதை நான் நம்பியிருக்கணும். இன்னிக்கு நீயே போடு."

ரக்ஷனா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "எவ்வளவு போடணும் அக்கா?"

"நீ எப்பவும் போடற அளவுதான்."

ரக்ஷனா ஒரு சிட்டிகை எடுத்தாள். அதை உற்றுப் பார்த்தாள். அதிலும் பாதியைக் கவனமாக டப்பாவுக்குள்ளேயே உதிர்த்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் தூவினாள்.