எஷன்ரோடாவின் ரொட்டிச் சூளை

சுவர் சுட்டது. கெர்லிண்டே கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். நவம்பர் மதியம்; மூடுபனியில் தேவாலயக் கோபுரம் பாதிதான் தெரிந்தது. ஊருக்குப் பொதுவான இந்தச் சூளை வீட்டில், கடைசிப் போர் முடிந்ததிலிருந்து யாரும் தீ மூட்டியதில்லை. ஆனாலும் கல், காய்ச்சல்காரன் நெற்றி போலக் கொதித்தது.

"வெயில் பட்டிருக்கும்," என்றான் ஃபோல்க்மார். ஊர்த்தலைவன், அவளுடைய சித்தப்பா மகன். கதவுக்கு மேலே புதுப் பலகையை ஆணியடித்துக்கொண்டிருந்தான்.

"எந்த வெயிலுடா? வாரக்கணக்கா சூரியனையே காணோம்."

பலகையைப் படித்தாள். 'எஷன்ரோடா, எண்ணூறு ஆண்டுகள். அந்நியப் படைகள் மும்முறை எரித்தும் மீண்டெழுந்த ஊர்.'

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தப் படை? சூனியக்காரின்னு ஆடெல்ஹைடையும் மகளையும் இதுக்குள்ள தள்ளுனது யாரு? கொள்ளைநோய் சமயத்துல அடைக்கலம் கேட்டு வந்தவங்கள இங்க பூட்டி எரிச்சது யாரு? பண்ணைக்கு அடிமையாப் புடிச்சிட்டு வந்த போலந்துக்காரங்க, போரே முடியப்போற நேரத்துல, இங்கதானே எரிஞ்சாங்க? நம்ம தாத்தா கதவுல சாஞ்சு நின்னாரே, மறந்துட்டியா?"

"மெதுவா பேசுங்கக்கா. ஊருக்கே தெரிஞ்சதுதான். அதை எதுக்குப் பலகையில எழுதணும்? நாளைக்கு விழாவுக்கு ரொட்டி சுட்டுக் குடுங்க, போதும்."

"குடுக்கறேன். குடுக்கும்போதே எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

சுத்தியல் நின்றது. ஃபோல்க்மார் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"சரிக்கா," என்றான். "முதல்ல உள்ள போய் அடுப்பைப் பாருங்க."

போனாள். பழைய சாம்பலும் எலிப்புழுக்கையும் நாறும் என்று நினைத்திருந்தவளுக்கு, ஈரக் கம்பளியும் வியர்வையும் தாய்ப்பாலும் கலந்த வாடை, நெரிசலான அறைக்குள் நுழைந்தாற்போல முகத்தில் அடித்தது. அடுப்பு வாயின் இருட்டுக்குள் ஏதோ அசைந்து, அசைந்ததை உணர்ந்து அடங்கியதுபோல் நின்றது. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். காற்றுக்கு மூச்சிரைக்குமா?

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"டேய்! திறடா!"

வெளியே காலடிச் சத்தம். ஒருவர் அல்ல, பலர்.

கதவுப் பலகைகளின் இடுக்கில் கண்ணை வைத்தாள். மூடுபனியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் விறகு. பக்கத்து வீட்டு ஹில்ட்ரூட். அஞ்சல்காரன் யோகன். அவர்களுக்கு நடுவே மரக்கட்டைச் செருப்புகள், வெள்ளைக் கழுத்துப்பட்டிகள், கம்பளி முக்காடுகள். எந்தக் காலத்து உடையோ! ஆனால் மூக்கும் தாடையும் அவளுக்குத் தெரிந்தவை. ஊரின் முகம். அவளுடைய முகமும் அதுதான். கடைசியாகத் தாத்தா வந்தார். என்றோ செத்துப்போனவர், இளவயதுத் தோற்றத்தில். ஃபோல்க்மாரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றார்.

"ஊர் நல்லாருக்கணும்மா," என்றார் கனிவாக.

"நாசமாப் போங்கடா!" அடித்தாள். உதைத்தாள். நகம் பிய்ந்தது. "கொலைகாரப் பசங்களா! சொல்லுவேன்! எல்லாத்தையும் சொல்லுவேன்!"

புகை. கதவின் அடியில், மெல்லிசாக.

பின்னால் சரசரப்பு. திரும்பவில்லை. திரும்பவே கூடாது. இருட்டில் யார் யாரோ நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விடுகிறார்கள் என்று புரிந்தது.

கருகிய கை ஒன்று அவள் வாயை மெதுவாகப் பொத்தியது.

"கத்தாத, பொண்ணே," என்றது ஒரு பெண்குரல், காதோரமாக. "கத்துனா அவங்க இன்னும் சத்தமாப் பாடுவாங்க."

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஊரே ஒன்றாக, அழகாக, தேவகீதம் பாடத் தொடங்கியது.