வரேன் ஆன்ட்டி

அந்த ஒரு படத்தில் மட்டும் பெயிண்ட் இன்னும் காயாத வாசனை அடித்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டோ, வரைந்து நாற்பது வருஷம் ஆயிற்று என்றது.

வாரம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் அடுத்தவர் வலியைக் கேட்டே ஓய்ந்துபோகிற அவளுக்கு, லீவு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு ஓவியக் கண்காட்சிக்கு வருவதுதான் மருந்து. ஒரு நீலத்தின் முன்னால் நின்றால் மூச்சு சீராகும், ஒரு பச்சை காரணமே இல்லாமல் சிரிக்க வைக்கும். இந்தப் படம் அப்படியில்லை. ஈரம் மினுங்கும் நீண்ட நடைவழி. அதன் கோடியில் பழுப்பு உடையில் ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு. பயமாக இருந்தது, பாழாய்ப்போன அந்தப் பயமும் அவளுக்குப் பிடித்திருந்தது.

"அந்த ஆன்ட்டி முகம் எப்படிம்மா இருக்கும்?"

"முகமே வரையலடி. சுத்திச் சுத்தி வந்தாலும் முதுகுதான்."

மூடும் நேரமென்று காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கினார். மகள் படத்தைப் பார்த்துக் கையாட்டினாள். "போறேன் ஆன்ட்டி."

"போறேன்னு சொல்லக்கூடாது. வரேன்னு சொல்லணும்." பழக்கதோஷத்தில் திருத்தினாள்.

"வரேன் ஆன்ட்டி."

மூலையில் வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள் மகள் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். மஞ்சள் கவுன், ஒற்றைச் சடை, சிவப்பு ரிப்பன்.

வழியெல்லாம் வாய் ஓயாத பெண் அன்று பேசவே இல்லை. மழை நின்று பிசுபிசுத்த தெருவில், கடை விளக்குகள் தரையில் கலங்கிக் கிடக்க, வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் அம்மாவின் செருப்பு சளக் சளக்கென்று கேட்டது. முன்னால் போகிற குட்டிச் செருப்பின் சத்தம்தான் கேட்கவில்லை. எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. காலையில் டிவி ரிமோட்டைப் பிடுங்கிய கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அதே வாசனை. காயாத பெயிண்ட்.

மகள் நேராக உள்ளே போய், இரண்டு அறைகளுக்கும் நடுவே இருக்கும் வழியின் கோடியில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"இங்க திரும்புடி செல்லம்."

அசைவில்லை.

கிட்டே போனாள். தோளைத் தொட்டாள். ஈரம். உள்ளங்கையெல்லாம் மஞ்சள்.

தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஒற்றைச் சடை. சிவப்பு ரிப்பன்.

இன்னொரு தடவை திருப்பினாள். சடை. ரிப்பன்.

வேண்டாம் என்று மனசு கெஞ்சியது. கை கேட்கவில்லை. சடை. ரிப்பன். சடை.

அந்த முதுகுக்கு அப்பால், ஏதோ ஒரு நீண்ட நடைவழியின் கடைசியிலிருந்து, மகளின் குரல் மெல்லக் கேட்டது.

"அம்மா, ஆன்ட்டிக்கு முகம் இருக்கும்மா. இப்பத்தான் திரும்பறாங்க."