பன்னிரண்டாவது பனிக்கோலம்

கபித்தோலினா மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் கண்ணாடியில் பனி உருகியது.

உறைபனியைப் படம் பிடிக்கிறவர்களுக்கு முதல் எதிரி அவர்களுடைய சொந்த மூச்சுதான். மேக்ரோ லென்ஸ் கண்ணாடிக்கு நாலு விரற்கடை தூரத்தில் நிற்கும், அதற்குப் பின்னாலேயே முகம் நிற்கும். அசந்து ஒரு தடவை வாய் திறந்தால் போதும், இரவெல்லாம் வளர்ந்த இறகும் இலையும் முள்ளும் ஒரே நொடியில் தண்ணீராகி வழிந்துவிடும். கபித்தோலினாவால் தொண்ணூறு விநாடி மூச்சில்லாமல் நிற்க முடியும். அந்த வித்தையை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லக்கூடிய இடமும் அல்ல அது.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. பீனிகா ஆறு கல்லாகிக் கிடந்தது. காலை பதினோரு மணிக்குத்தான் சூரியன் காட்டுக்கு மேலே ஒரு சாண் எழும்பி, அவள் வீட்டுப் பின்னறை ஜன்னலில் பக்கவாட்டாக விழும். அந்த அரைமணி வெளிச்சத்தில்தான் பனிக்கோலத்தின் ஒவ்வொரு நரம்பும் நிழலோடு தெரியும். அந்த வெளிச்சத்தில், கோலத்தின் நடுவே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் இடம் இளகி ஈரமானது, பிறகு வெளுத்து இறுகியது, மறுபடி இளகியது. அவள் கையுறையைக் கழற்றி விரலால் தொட்டாள். அவள் பக்கம் காய்ந்து கிடந்தது. ஈரம் அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் என்றால் வெளியே அல்ல. அந்த ஊர் மரவீடுகளில் ஜன்னலுக்கு இரண்டு சட்டம், இரண்டு கண்ணாடி. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அக்டோபரில் அந்த இடைவெளியின் அடியில் பஞ்சை நிரப்பி, மேலே அழகுக்குச் சிவப்புக் காட்டுப்பழக் கொத்து இரண்டை வைத்து, ஈரத்தை இழுக்க ஒரு கிளாஸ் உப்பும் வைத்து, உள்சட்டத்தைச் சாத்தி, இடுக்குகளின் மேல் காகிதப் பட்டையைச் சோப்பில் தோய்த்து ஒட்டிவிடுவார்கள். ஏப்ரல் வரை அதற்குள் ஈகூடப் போகாது. கபித்தோலினா உப்பு வைக்கவில்லை. உப்பு வைத்தால் பனி பூக்காது, பனி பூக்காவிட்டால் படம் ஏது?

அவள் செய்த கெட்டிக்காரத்தனம் அது ஒன்று மட்டுமல்ல.

கடைப் பஞ்சு சல்லடை மாதிரி இருக்கிறது என்று, எஃபீமின் மெத்தையைப் பிரித்து அதிலிருந்த ஆட்டு ரோமத்தை எடுத்து வைத்தாள். நல்ல ரோமம், கல்யாணத்துக்கு வந்த மெத்தை. அந்தப் பின்னறையில், அந்த மெத்தையில்தான், பக்கவாதம் வந்த அவள் கணவன் எஃபீம் எட்டு மாதம் கிடந்து ஆகஸ்டில் செத்தான். செத்தவர் கிடந்த மெத்தையை நாற்பது நாளுக்குள் ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். அது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ஜன்னல் ஒட்டக் காகிதம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஃபைனா அப்போதே கேட்டாள்.

“மெத்தையை எரிச்சியாடி?”

“அதெல்லாம் அப்பவே எரிச்சாச்சு.”

சொல்லிவிட்டு, வீட்டின் நாலு ஜன்னலுக்கும் அதையே வைத்தாள். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று பின்னறைக் கதவின் உள்பக்கத்தில் திணித்து, மேலே ரெக்ஸின் போட்டு ஆணியடித்தாள். பின்னறைக் குளிர் சமையலறைக்கு வராமல் இருக்க வேண்டுமே! அந்த அறையில் எஃபீம் போனபின் அடுப்பு மூட்டுவதில்லை. அது இப்போது பனி வளர்க்கிற அறை.

*

பன்னிரண்டு பனிக்கோலங்கள், மாதத்துக்கு ஒன்று. அர்ஹாங்கெல்ஸ்க் நகரத்தில் ஒரு பதிப்பகம் நாட்காட்டி போடுகிறது. பன்னிரண்டும் தேறினால் அங்கேயே படக்கூடத்தில் வேலை, தங்க ஓர் அறை. அதாவது இந்த வீட்டிலிருந்து விடுதலை. பதினொன்று அனுப்பியாயிற்று. வியாழக்கிழமை பதிப்பாசிரியர் ரோஸா லிவோவ்னா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“கபித்தோலினா செர்கேயெவ்னா, கடைசி படம் என்னாச்சு? சனிக்கிழமைக்குள்ள வேணும். உங்க பக்கம் அன்னைக்குச் சாயங்காலமே காத்து மாறி பனி இளகப் போகுதாமே.”

“சனிக்கிழமை காலைல எடுத்துடுவேன்ம்மா. நல்லா பூத்து வருது.”

“அந்தப் பதினொண்ணாவது இருக்கே, அதை ஆபீஸ்ல எல்லாரும் பாத்தோம். அது பனியா, தோலான்னு ஒரே சண்டை! எப்படிங்க எடுத்தீங்க அதை?”

ரிசீவரை வைத்ததும் கபித்தோலினா கணினியில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். எடுத்தபோது பெரணி இலை என்று நினைத்தது. இலைக்கு நரம்பு இருக்கும். இதில் இருந்தவை சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு வெள்ளை முள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. குழிகளின் ஓரத்தில் எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு, லேசாக மஞ்சள். இன்னும் பெரிதாக்கினாள். இரண்டு நாள் சவரம் செய்யாத ஒரு தாடை அது. அந்தத் தாடையை அவள் எட்டு மாதம் சவரம் செய்திருக்கிறாள்.

கண் சோர்ந்துபோனால் மேகத்தில்கூட முகம் தெரியும் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு கணினியை மூடினாள்.

அன்று மதியம் ஃபைனா டீ குடிக்க வந்தாள். வாசலில் கம்பளிப் பூட்ஸைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள்.

“என்னடி இது நாத்தம்? ரவைக் கஞ்சி புளிச்சுப்போன மாதிரி?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“ஆமா, புருஷன் உசுரோட இருந்தப்போ ஜன்னல் பக்கம் திரும்பாதவ, இப்ப ஜன்னலையே கட்டிக்கிட்டு அழுவுற. மூக்கு எங்கேருந்து வேலை செய்யும்?” என்று சொல்லிக்கொண்டே ஃபைனா சமையலறை ஜன்னலுக்குப் போனாள். காகிதப் பட்டையின் கீழ்முனை ஈரத்தில் ஊறி மஞ்சளாகித் தொங்கியது. ஃபைனா குனிந்து கண்ணாடி வழியாக அடியில் இருந்த ரோமத்தை வெகுநேரம் பார்த்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

“இது கடைப் பஞ்சு இல்ல.”

கபித்தோலினா தொங்கிய பட்டையை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

“அடிப் பாவி! அவன் எச்சிலும் வேர்வையும் ஊறுனதைக் கொண்டாந்து வீட்டைச் சுத்தி அடைச்சு வச்சிருக்கியேடி! இன்னைக்கே பிரிச்சு எடு. நானும் வரேன், ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் எரிச்சிடலாம்.”

“சட்டத்தைத் திறந்தா பனி போயிடும் ஃபைனா. ஒரே ஒரு படம்தான் பாக்கி. சனிக்கிழமை எடுத்துட்டு எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடறேன்.”

“உன் படத்துல கொள்ளி வைக்க! எனக்கு டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” ஃபைனா ஒரு காலில் பூட்ஸும் மறுகால் பாதி நுழைந்த பூட்ஸுமாகப் படியிறங்கிப் போனாள்.

அவள் சொன்னதுதான் சரி. கபித்தோலினாவுக்கே அது தெரியும். ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்ற பயம், மற்ற பயத்தையெல்லாம் ஓரம் கட்டிவிட்டது.

*

சனிக்கிழமை காலை பின்னறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்படி ஒரு பனிக்கோலத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஜன்னல் முழுக்க, மூலையிலிருந்து மூலைவரை, அடுக்கடுக்காக மடிந்து சுருண்டு, செம்பு நிற வெயிலில் தகதகத்தது. அழகுதான். ஆனால் அந்த அழகைப் பார்த்ததும் ஏனோ எச்சில் ஊறி, விழுங்கக் கூச்சமாக இருந்தது. சமையலறைச் சூடு உள்ளே வராதபடி கதவைத் தள்ளிச் சாத்தினாள். கேமராவை முக்காலியில் பூட்டி, ஜன்னலுக்கு நாலு விரற்கடையில் நிறுத்தி, பத்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்தாள். கேமராவில் கண்ணை வைத்தாள். மூச்சை இழுத்து அடக்கினாள்.

க்ளிக்.

மூச்சை அடக்கிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் தன் மூச்சு என்று நினைத்துக் கண்டுகொள்ளாமல் விட்ட சத்தம். ஈரமாக, சளியில் புரண்டு, உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு கொப்புளம் உடைவது. அவளுக்கு அது மனப்பாடம். எட்டு மாதம் கேட்டது.

க்ளிக்.

மூச்சடக்கக் கற்றது இந்த அறையில்தான். அவனைப் புரட்டும்போது, துடைக்கும்போது, கஞ்சி ஊட்டும்போது, அவன் வாயிலிருந்து அந்தப் புளித்த வெக்கை முகத்தில் அடிக்கும். முதலில் பத்து விநாடி அடக்கினாள், பிறகு முப்பது, பிறகு தொண்ணூறு. அவன் பேச முடியாதவன், பார்க்க முடிந்தவன். அவள் மார்பு அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். கடைசி நாள் அவளைக் கண்ணால் கிட்டே அழைத்தான். உதடு எதையோ சொல்ல முயன்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். அவன் வாய் நெருங்கியதும் அருவருப்புத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

க்ளிக்.

லென்ஸுக்குள் பனி இளகியது. பொத்தான் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. அந்தப் பக்கத்திலிருந்து எதுவோ கண்ணாடியில் அழுந்தியது. முதலில் வெடிப்புகள் தெரிந்தன, வெடிப்புகளில் காய்ந்த வெள்ளைப் படலம். பிறகு ஈரச் சதை. ஒரு வாய். இடதுபக்கம் தொங்கி, வலதுபக்கம் மட்டும் அசைந்து, எச்சில் நூலாக இறங்கி ரோமத்தில் சொட்டியது. ரோமம் அதைக் குடித்தது.

க்ளிக்.

காகிதப் பட்டை எழும்பியது. ஒட்டியது. எழும்பியது. ஒவ்வொரு எழும்பலுக்கும் ஓர் இளஞ்சூடு அவள் கழுத்தில் பட்டது.

மூச்சு விடாதே. விட்டால் அது உள்ளே வரும்.

திரும்பினாள். நாலு எட்டில் கதவு.

க்ளிக்.

கதவின் ரெக்ஸின் புடைத்திருந்தது. ஆணிக்கு ஆணி இழுபட்டு, தொப்பை போல. மெல்ல வற்றியது. மறுபடி புடைத்தது. ஆணித்துளைகளில் மஞ்சள் நீர் கசிந்து, கைப்பிடியின் மேல் வழிந்து, கொழகொழவென்று தொங்கியது.

பிடித்து இழுத்தால் போதும். ஒரே ஒரு இழுப்பு.

கையை நீட்டினாள். புடைத்த ரெக்ஸின் வெதுவெதுப்பாக விரல்நுனியைத் தொட்டது. அவன் வயிறு. துடைத்துத் துடைத்து அலுத்த அதே வயிறு. கை தானாகப் பின்னால் வந்தது.

க்ளிக்.

மறுபடி நீட்டினாள். முடியவில்லை. உயிர் போகிற நேரத்திலும் அருவருப்பு போகவில்லை.

க்ளிக்.

மார்பு எரிந்தது. காதில் இரத்தம் இடித்தது.

க்ளிக்.

கண்ணில் கறுப்புப் புள்ளிகள். ஜன்னலில் அந்தச் சத்தம் நின்றிருந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு, காத்திருந்தான்.

க்ளிக்.

வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. காற்று உள்ளே போனது. வெதுவெதுப்பாக, கெட்டியாக, புளித்த ரவைக் கஞ்சி. நாக்கில் படிந்தது. தொண்டையில் வழுக்கி இறங்கியது. கடைசிச் சொட்டுவரை இறங்கியது. வாந்தி எடுக்கக் குனிந்தாள். ஒன்றும் மேலே வரவில்லை.

நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. உலர்ந்த ரோமமும் சிவப்புப் பழக்கொத்தும் மட்டும். காகிதப் பட்டை அசையவில்லை. ரெக்ஸின் தட்டையாகக் கிடந்தது.

அவள் கண்ணாடியின் முன் நின்று, நெடுநேரம் அடக்கியதையெல்லாம் சேர்த்து, மூச்சை வெளியே விட்டாள். உள்ளே போகும்போது விசில். வெளியே வரும்போது கொப்புளம். அந்த மூச்சு பட்ட இடத்தில் பனி உருகவில்லை, வளர்ந்தது. குழி குழியாக, முள் முள்ளாக, ஒரு தாடை. அவளுடைய இடது உதடு மெல்லத் தொங்கி, அதிலிருந்து ஒரு நூல் எச்சில் லென்ஸின் மேல் இறங்கியது.

க்ளிக்.