அக்கா சொன்ன ‘நாங்க’

அக்கா வேலை பார்த்த அந்தப் பழைய மாளிகை, பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் போலத்தான் இருந்தது. அதை அருங்காட்சியகம் ஆக்கி ஆறு வருடம். அக்கா அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்து நான்கு மாதம். கடைசி மூன்று வாரமாக அவள் வீட்டுக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கையோடு கூட்டி வா என்று அம்மா என்னை அனுப்பினாள்.

மதியம் மூன்று மணி. என்னோடு சேர்த்துப் பார்வையாளர்கள் ஏழு பேர்.

“வாடி விஞ்ஞானி. டிக்கெட் எடுத்தியா, இல்ல அக்கா பேரைச் சொல்லி நுழைஞ்சிட்டியா?”

அக்காவின் அதே கேலி. எனக்குப் போன உயிர் வந்தது.

சாப்பாட்டு அறையில் ஒரு நீண்ட மேசை, சுற்றிலும் உயரமான நாற்காலிகள். மரத்துக்குப் பூசிய மெழுகின் வாசனை. அதற்கு அடியில், காயாத துணியின் வாடை. சுவரிலிருந்த வெப்பமானி இருபத்தாறு டிகிரி காட்டியது. என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

“சரியா எட்டுக்கு மணி அடிக்கும்,” என்றாள் அக்கா. “அதுக்கப்புறம் நாங்க யாரும் பேச மாட்டோம்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டில் இதையேதான் ஒப்பித்துப் பழகினாள். அப்போது, அந்த மாளிகையில் முன்பு வாழ்ந்த குடும்பத்தைப் பற்றி, ‘அவங்க யாரும் பேச மாட்டாங்க’ என்றுதான் சொன்னாள்.

“காய்ச்சல் பரவினப்ப, இந்தக் கதவை உள்ளேயிருந்து நாங்களே ஆணி அடிச்சு மூடினோம்.”

யாரோ சிரித்தார்கள். நடிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

மற்றவர்கள் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் அவள் கையைப் பிடித்தேன்.

“யாருக்கா அந்த நாங்க?”

அவள் மறு கையால் ஒரு நாற்காலியை நேராக நகர்த்தி வைத்தாள்.

“அம்மா சரியா சாப்பிடறதே இல்ல. வாக்கா.”

“நீ போடி,” என்றாள் மெல்ல. “நாங்க வரலை.”

அந்த ‘நாங்க’வில் நான் இல்லை.

மேசையின் கடைசியில் ஒரு நாற்காலி முனகியது. ஆள் உட்கார்ந்தால் மரம் முனகுமே, அப்படி. பிறகு அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது.

பயத்தில் அவளை இழுத்தேன்.

“போதும்க்கா. கிளம்பு. நாம வீட்டுக்குப் போயிடலாம்.”

முனகல் நின்றது.

எல்லா நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.

அக்கா என்னையே பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

“நாமன்னு சொல்லிட்டியேடி,” என்று கிசுகிசுத்தாள். “கேட்டுட்டிருந்த எல்லாரையும் சேத்துல்ல கூப்பிட்டுட்ட.”

அதன் பிறகு மறுபேச்சில்லாமல் வந்தாள். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கை சூடாக இருந்தது. மீட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டோம். அம்மா கதவைத் திறந்தாள். அழுவாள், இல்லையென்றால் நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா அக்காவைப் பார்க்கவே இல்லை. எங்கள் தலைக்கு மேலாகப் பார்த்தாள். முகத்தில், அறிமுகமில்லாத விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

“வாங்க,” என்றாள். “எல்லாரும் உள்ள வாங்க.”

நாங்கள் இருவரும் உள்ளே போன பிறகும், கதவைப் பிடித்தபடி, வெகுநேரம் வழிவிட்டு நின்றாள்.